லீக் ஆன எபிசோடுகளால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி இதுதான்: கேம் ஆஃப் த்ரோன்ஸ் மாதிரியான பெரிய தொடர்களின் எபிசோடுகள் ஒளிபரப்பாகும் முன்பே வெளியே வந்துவிடுகின்றனவே, அதனால் அந்தத் தொடர்களுக்கு நிஜமாகவே அடி விழுந்ததா, இல்லை கம்பெனிகள் சும்மா புலம்புகின்றனவா? இவ்வளவு பணம் வைத்திருப்பவர்களால் ஏன் இதைத் தடுக்க முடியவில்லை?

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எபிசோட் லீக் ஆவது வேறு, ஒளிபரப்பான பிறகு அதை டொரண்டில் (ஆட்கள் தங்களுக்குள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் இணைய வழி) இறக்கிப் பார்ப்பது வேறு. இரண்டையும் பைரசி என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், அதனால்தான் குழப்பம். முதலாவது அபூர்வமாக நடப்பது, பரபரப்பாகச் செய்தி ஆவது, ஆனால் பெரிய தொடர்களின் பார்வையாளர் எண்ணிக்கையை அது பெரிதாக அசைத்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது ஒவ்வொரு வாரமும் சத்தமில்லாமல் நடப்பது. கம்பெனிகள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான்.

2015 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். கேம் ஆஃப் த்ரோன்ஸின் ஐந்தாவது சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 11 அன்று, முதல் நான்கு எபிசோடுகளும் மொத்தமாக இணையத்தில் வந்துவிட்டன. பத்து எபிசோட் கொண்ட சீசனில் கிட்டத்தட்ட பாதி! விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும் ஸ்க்ரீனர் பிரதியிலிருந்து எடுத்தது அது. பிரதி யாருடையது என்று காட்டும் வாட்டர்மார்க் குறியை மங்கலாக்கியிருந்தார்கள், தரம் பழைய டிவிடி அளவுதான். அடுத்த நாள் முதல் எபிசோட் அந்தத் தொடரின் சொந்த அமெரிக்க சேனலான எச்பிஓவில் வந்தபோது அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர். அதுவரை அந்தத் தொடருக்கு அதுதான் அதிகபட்சம், முந்தைய சீசனின் முதல் எபிசோடுக்கு 66 லட்சம்தான் வந்திருந்தது.

சரி, முதல் எபிசோடுக்கு எப்போதும் கூட்டம் வரும், அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லீக் ஆன இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எபிசோடுகளுக்கு 67, 68 லட்சம் வாக்கில் வந்தது. லீக் ஆகாத ஐந்தாவதற்கு வந்ததோ சுமார் 65 லட்சம், ஆறாவதற்கு இன்னும் குறைவு. ஏற்கெனவே ஊரெல்லாம் பார்த்துவிட்ட எபிசோடுகளை யாரும் பார்க்காத எபிசோடுகளைவிட அதிகம் பேர் டிவியில் பார்த்திருக்கிறார்கள். லீக்கால்தான் கூடியது என்று நான் சொல்லவில்லை, சீசனின் நடுவில் கூட்டம் கொஞ்சம் கலைவது வழக்கம். ஆனால் லீக் பெரிய ஓட்டை போட்டிருந்தால் அது இந்த மூன்று வாரங்களில் தெரிந்திருக்க வேண்டும்.

2017 ஆகஸ்ட் இன்னும் பெரிய கூத்து. ஒரே மாதத்தில் எச்பிஓவுக்கு மூன்று பக்கமும் அடி. மூன்றும் தனித்தனிச் சம்பவங்கள், அப்போது பலரும் எல்லாவற்றையும் ஹேக்கர்கள் தலையில் கட்டினார்கள்.

முதலாவது உண்மையான ஹேக். யாரோ எச்பிஓவின் கணினிகளுக்குள் நுழைந்து 1.5 டெராபைட் எடுத்துவிட்டோம் என்று சொல்லி, பிட்காயினில் சுமார் 60 லட்சம் டாலர் கேட்டார்கள். பாலர்ஸ், ரூம் 104 போன்ற தொடர்களின் எபிசோடுகளும் கேம் ஆஃப் த்ரோன்ஸின் திரைக்கதைச் சுருக்கமும் இப்படித்தான் வெளியே வந்தன. அந்த நவம்பரில் ஒரு ஈரானியர் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது.

இரண்டாவது நம் ஊர்ச் சங்கதி. ஏழாவது சீசனின் நான்காவது எபிசோட் ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்பு கசிந்தது. திரையில் ஸ்டார் இந்தியாவின் வாட்டர்மார்க் பளிச்சென்று இருந்தது. இந்தியாவில் ஹாட்ஸ்டாருக்காக எபிசோடுகளைக் கையாண்ட ஒரு தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து போயிருந்தது, அங்கே வேலை செய்தவர்களும் ஒரு முன்னாள் ஊழியருமாக நான்கு பேரை மகாராஷ்டிர சைபர் போலீஸ் கைது செய்தது. கசிந்ததற்கும் கைதுக்கும் இடையில் பத்து நாள்தான். இதில் ஹேக்கிங் எதுவும் இல்லை, உள்ளே போக அனுமதி இருந்த வழியாகவே உள்ளே போயிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆறாவது எபிசோடை எச்பிஓவின் ஸ்பெயின் மற்றும் நார்டிக் (வட ஐரோப்பிய) சேவைகளே நான்கு நாள் முன்பு தவறுதலாக வெளியிட்டுவிட்டன. சுமார் ஒரு மணி நேரம் அது அப்படியே கிடந்தது, எடுப்பதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. காசு கட்டிய சந்தாதாரர்கள் சட்டப்படி பார்த்த லீக்!

இதன் பலன் என்ன? நான்காவது எபிசோடுக்கு முந்தைய இரண்டு வாரமும் 92 லட்சத்துச் சொச்சம் பார்வையாளர்கள். லீக் ஆன நான்காவதற்கு 1 கோடியே 1 லட்சத்துக்கும் மேல், அதுவரை அந்தத் தொடர் காணாத எண்ணிக்கை. அடுத்த வாரம் 1 கோடியே 7 லட்சம். ஸ்பெயினில் தவறிய ஆறாவதற்கு 1 கோடியே 2 லட்சம், கொஞ்சம் சரிவுதான். சீசனின் கடைசி எபிசோடுக்கு 1 கோடியே 20 லட்சம்.

ஏன் அடி விழவில்லை? முதலில், எச்பிஓ விளம்பரத்தில் பிழைக்கும் சேனல் இல்லை. மாதாமாதம் சந்தா கட்டுபவர்களின் காசில் ஓடுவது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர் வெள்ளிக்கிழமை லீக்கைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிவி போடாமல் இருந்தாலும் அவருடைய காசு வந்துகொண்டுதான் இருக்கும், ஒரே ஒரு எபிசோட் முன்னால் கிடைத்ததற்காக யாரும் சந்தாவை ரத்து செய்யப் போவதில்லை. அப்புறம், லீக் ஆகும் பிரதி பெரும்பாலும் மட்டமானது, டிராகன் நெருப்பைக் கக்கும் காட்சியை மங்கலான படத்தில் யார் பார்ப்பார்கள்? பொறுமை இல்லாதவர்கள் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு நல்ல பிரதியில் இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். இந்த மாதிரி ரசிகர்கள்தான் தொடரைப் பற்றி ஓயாமல் பேசுபவர்களும்கூட. முக்கியமாக, லீக்கே ஒரு செய்தி. அந்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் தொடரின் பெயர் வந்துவிடும்.

சினிமாவில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெளியீட்டுக்கு முன்பே கசிந்த படங்களின் வசூல், வெளியான பிறகு கசிந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடச் சராசரியாக 19 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். படத்துக்கு முதல் வாரம்தான் உயிர், டிக்கெட் ஒரு தடவைதான் வாங்குவோம், பார்த்துவிட்டால் கதை முடிந்தது. தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடும் உறவு, அதில் ஒரு அத்தியாயம் முன்னால் வந்தால் மீதிக்கு ஆசை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதனால் தமிழ்ப்படம் ரிலீஸ் நாளிலேயே தமிழ்ராக்கர்ஸில் வந்ததால் தயாரிப்பாளர் பட்ட பாட்டையும் எச்பிஓவின் பாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை.

2013இல் எச்பிஓவின் தாய் நிறுவனமான டைம் வார்னரின் தலைவர் ஜெஃப் பியூக்ஸ், உலகிலேயே அதிகம் திருடப்படும் தொடர் என்ற பெயர் அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மியைவிட நல்லது என்கிற பொருளில் பேசினார். அதை வைத்து "பைரசி இலவச விளம்பரம், அவர்களே சொல்லிவிட்டார்கள்" என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அதைச் சொன்னது முதலீட்டாளர்களுக்கான கூட்டத்தில். "எங்கள் சரக்குக்கு இவ்வளவு கிராக்கி" என்று பங்குதாரர்களுக்குக் காட்டும் இடம் அது, வேறு எப்படிப் பேசுவார்? அதே கம்பெனியின் வழக்கறிஞர்கள் பதிவிறக்கம் செய்தவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுபக்கத்து எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். மியூசோ என்ற கண்காணிப்பு நிறுவனம், ஏழாவது சீசன் மொத்தமாக 100 கோடி தடவைக்கு மேல் திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டது என்றது. மலைக்க வைக்கும் எண். ஆனால் அது தடவைகளின் எண்ணிக்கை, இழந்த வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை இல்லை. அதில் எத்தனை பேர் காசு கொடுத்துப் பார்த்திருப்பார்கள் என்பதை யாராலும் அளக்க முடியாது. பைரசி எதிர்ப்புச் சேவையை விற்கும் கம்பெனிதான் இந்த எண்ணையும் வெளியிடுகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, லீக் பயமில்லை என்றால் எது பயம்? தாமதம்தான். அமெரிக்காவில் ஞாயிறு இரவு வந்த எபிசோட் மற்ற நாடுகளுக்கு ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து வந்த காலத்தில்தான் டொரண்ட் வளர்ந்தது. ஆஸ்திரேலியா இதற்குப் பேர்போன ஊர், 2013இல் அங்கிருந்த அமெரிக்கத் தூதரே தயவுசெய்து கேம் ஆஃப் த்ரோன்ஸைத் திருடாதீர்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதும் அளவுக்குப் போனது. ஒரு நாட்டின் தூதருக்கு இதுவும் ஒரு வேலை, பாருங்கள். இதற்கு எச்பிஓ கண்ட வைத்தியம், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிடுவது. 2015இன் ஐந்தாவது சீசனை 170க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே சமயத்தில் வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். அந்த சீசன் தொடங்கவிருந்த வாரந்தான் நான்கு எபிசோடும் கசிந்தது என்பது வேறு விஷயம். இந்தியாவில் 2017 வாக்கில் திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கு, அமெரிக்காவோடு ஒரே நேரத்தில், ஹாட்ஸ்டாரில் வந்தது.

தடுக்க ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பைரசிக்கு மருந்து ஒரே நேர வெளியீடு. அப்படி வெளியிட வேண்டுமென்றால் எபிசோட் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் முன்பே ஊர் ஊராகப் போயாக வேண்டும். சப்டைட்டில் போட வேண்டும், டப்பிங் பேச வேண்டும், அந்தந்த நாட்டு விதிகளுக்குத் தக்கபடி சரிபார்க்க வேண்டும், அந்த ஊர் சர்வரில் ஏற்றி நேரம் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெளிநிறுவனம், ஒவ்வொன்றிலும் பத்து இருபது பேர். லீக்கைச் சுத்தமாக ஒழிக்க வேண்டுமென்றால் யாருக்கும் முன்கூட்டியே கொடுக்கக் கூடாது, கொடுக்காவிட்டால் மற்ற நாடுகளுக்குத் தாமதம், தாமதம் வந்தால் அந்த நாடுகள் மொத்தமும் மறுபடி டொரண்டுக்குப் போய்விடும். வருஷத்துக்கு ஒரு லீக்கா, வாராவாரம் ஒரு நாட்டையே இழப்பதா என்று வந்தால் எந்தக் கம்பெனியும் லீக்கைத்தான் தேர்ந்தெடுக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

நடந்த லீக்குகளை வரிசையாகப் பார்த்தால் இது புரியும். 2014இல் பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவின் திரைக்கதைகளும், ஒரு எபிசோடின் முடிக்கப்படாத கறுப்பு வெள்ளைப் பிரதியும் வெளிவந்தது பிபிசியின் மயாமி அலுவலகம் வழியாக, போர்ச்சுகீசிய சப்டைட்டில் வேலைக்காக அனுப்பி வைத்தவை. 2022 அக்டோபரில், கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்கதையான ஹவுஸ் ஆஃப் த டிராகன் முதல் சீசனின் கடைசி எபிசோட் இரண்டு நாள் முன்பு கசிந்தபோது, ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு விநியோகக் கூட்டாளியிடமிருந்து போனதாக எச்பிஓ சொன்னது. (அதற்கும் 93 லட்சம் பேர் வந்தார்கள், கேம் ஆஃப் த்ரோன்ஸின் முடிவுக்குப் பிறகு எச்பிஓவின் எந்தக் கடைசி எபிசோடுக்கும் வராத கூட்டம்.) 2024 ஆகஸ்டில் ஆர்கேன் இரண்டாம் சீசன், டான்டடான் உள்பட நெட்ஃபிளிக்ஸின் பல தொடர்கள் ஒரே வீச்சில் கசிந்தன. அது இயூனோ என்ற டப்பிங், சப்டைட்டில் நிறுவனத்திலிருந்து. படைப்பாளியின் வீட்டுக் கதவை உடைத்து எடுத்த மாதிரியான திருட்டு அபூர்வம், வழியில் விழுந்ததுதான் அதிகம்.

அதனால் நஷ்டமும் வழியில் இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2015 லீக்குக்குப் பிறகு கேம் ஆஃப் த்ரோன்ஸின் அடுத்த சீசனுக்கு விமர்சகர்களுக்கு எந்த முன்பிரதியும் அனுப்பப்படவில்லை. அவர்கள் எல்லோரையும் போலவே ஒளிபரப்பில் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக எழுத வேண்டியதாயிற்று. டப்பிங் பேசுகிறவர்களுக்கோ, படம் முழுக்க வாட்டர்மார்க் போட்ட, நிறம் எடுத்த, சில சமயம் பேசுகிறவரின் முகம் மட்டும் தெரிந்து மற்ற எல்லாம் கறுப்பாக்கப்பட்ட பிரதிதான் கிடைக்கும். எதிரே யார் நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பாவத்தோடு பேசு என்றால் எப்படிப் பேசுவது? வெளிநாட்டுத் தொடர்களின் தமிழ் டப்பிங் தட்டையாக இருக்கிறது என்று நாம் கிண்டல் செய்கிறோம், அதில் கொஞ்சம் பங்கு இதற்கும் உண்டு என்பது என் ஊகம்.

இன்னும் மோசமானது லார்சன் ஸ்டுடியோஸின் கதை. ஹாலிவுட்டில் குடும்பமாக நடத்தி வந்த சிறிய ஒலிக் கூடம். பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினி வழியாக ஒரு ஹேக்கர் கும்பல் உள்ளே நுழைந்து, ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக் ஐந்தாவது சீசன் உள்பட ஏகப்பட்ட தொடர்களை எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்களே என்று பயந்து லார்சன் சுமார் 50,000 டாலரை பிட்காயினில் கட்டியது. கட்டிய பிறகும் அந்தக் கும்பல் நேராக நெட்ஃபிளிக்ஸை மிரட்டியது, நெட்ஃபிளிக்ஸ் மசியவில்லை, 2017 ஏப்ரல் கடைசியில் 13 எபிசோடில் 10 வெளியே வந்துவிட்டது. ஜூன் 9 அன்று நெட்ஃபிளிக்ஸ் அந்த சீசனைச் சொன்னபடி வெளியிட்டு, அடுத்த சீசன்களையும் எடுத்து, வழக்கம்போல வளர்ந்தது. பணத்தையும் இழந்து, பெயரும் கெட்டு நின்றது அந்தச் சின்னக் கூடம்தான்.

பைரசியால் தொடரே செத்துப்போனது உண்டா என்றால், உண்டு என்று ஒரு தயாரிப்பாளர் வாதாடியிருக்கிறார். ஹானிபல் தொடரின் மார்த்தா டி லாரெண்டிஸ். அந்தத் தொடர் அதிகம் திருடப்படும் தொடர்களில் ஒன்றாகப் பேசப்பட்டது, மூன்று சீசன், 39 எபிசோடோடு 2015இல் நிறுத்தப்பட்டது. பார்வையாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திருட்டுத் தளங்களில் பார்த்ததாக அவர் பின்னால் எழுதினார். அது ஓடியது என்பிசியில், விளம்பரத்தில் பிழைக்கும் சேனல். அங்கே டிவி முன் உட்காராதவர் கணக்கிலேயே வர மாட்டார். எச்பிஓவுக்கு உதவிய அதே பேச்சும் பரபரப்பும் ஹானிபலுக்கு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை. பைரசி மட்டும்தான் காரணமா என்று கேட்டால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, அது எல்லோருக்குமான தொடர் இல்லை, ஒளிபரப்பு நேரமும் மோசம். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் தொடருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது இன்னொரு சீசனா இல்லையா என்பதையே தீர்மானிக்கலாம். எவ்வளவு திருடப்பட்டது என்பதைவிட அந்தத் தொடருக்குக் காசு எந்த வழியில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நேரத்தில் கொடுத்தால் பைரசி ஒழியும் என்று சொன்னேன், முழுசாக ஒழியாது. 2019இல் கடைசி சீசனின் முதல் எபிசோட் வந்த 24 மணி நேரத்தில் அதிகம் திருடிய நாடு இந்தியா, 95 லட்சம் தடவை என்று அதே மியூசோ சொன்னது. ஹாட்ஸ்டாரில் காலையிலேயே கிடைத்தது, இருந்தும் இப்படி. பழக்கம், காசு, டேட்டா, டெலிகிராம் எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் காசு கட்டத் தயாராக இருப்பவனையும் கம்பெனிகள் விட்டுவைப்பதில்லை. 2023 மார்ச் 31 அன்று எச்பிஓ தொடர்கள் மொத்தமும் ஹாட்ஸ்டாரிலிருந்து கழன்றுகொண்டன, ஜியோ சினிமாவுக்கு வந்து சேர மே ஆயிற்று. நடுவில் சக்செஷன் தொடரின் கடைசி சீசன் அமெரிக்காவில் வாராவாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுச் சந்தா கட்டியிருந்த ஆள் அந்த இடைவெளியில் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பழைய டொரண்ட் மென்பொருளை மறுபடி நிறுவியிருப்பார். அப்படித் திரும்பப் போனவர்களில் எத்தனை பேர் மீண்டும் சந்தா பக்கம் வந்தார்கள் என்று அந்தக் கம்பெனிகளைத்தான் கேட்க வேண்டும்.

பார்வையாளர்களுக்கு வரும் நஷ்டம் ஒன்று இருக்கிறது, அது சமீபத்தில் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் லீக் என்றால் ஒரு ஃபைல், தேடிப் போய் இறக்கினால்தான் கிடைக்கும், வேண்டாம் என்பவர் ஒதுங்கியிருக்கலாம். 2024 ஜூலை கடைசியில் ஹவுஸ் ஆஃப் த டிராகன் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட் கசிந்தபோது வந்ததோ டிக்டாக்கில் துண்டு துண்டாக. தேடாதவர்கள் கண்ணிலும் பட்டது, நீக்க நீக்க இன்னொரு கணக்கில் முளைத்தது. எச்பிஓ மறுபடியும் வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவரைக் கைகாட்டியது. இப்போது பிடித்த தொடரின் சீசன் முடியும் வாரத்தில் நான் செய்வது, புதன்கிழமையே முக்கியப் பாத்திரங்களின் பெயர்களையும் தொடரின் பெயரையும் எல்லாச் செயலியிலும் மியூட் செய்து வைப்பது. யூடியூபில் மட்டும் இது சரியாக வேலை செய்வதில்லை, அங்கே முகப்புப் பக்கத்துக்கே போகாமல் வேண்டியதை நேராகத் தேடிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். படத்தோடு வரும் தலைப்பிலேயே யார் செத்தார் என்று போட்டுவிடுகிறார்கள்.